புல்வெட்டும் வண்டியை மலைக்கு ஏற்றுவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சேலத்தில் வாங்கிய பழைய ரைடிங் மூவரை (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியை) ஏற்காட்டில் இருக்கும் எங்கள் காட்டேஜுக்குக் கொண்டுபோகணும். நாலு பேர் பிடித்தால் குட்டி யானையில் தூக்கி வைத்துவிடலாம் என்கிறார் டிரைவர். சரிங்களா?

வேண்டாங்க. இந்த வண்டி பெரும்பாலும் 200 கிலோ பக்கம் வரும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், அது ஒரு பக்கம். நாலு பேர் தூக்கும்போது கை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்: முன்னால் பிளாஸ்டிக் பானெட், பக்கத்தில் பிளேடு சுற்றும் டெக், பின்னால் சீட். மூன்றுமே வண்டியின் எடையைத் தாங்கச் செய்தவை இல்லை. டெக் சில கம்பிகளில்தான் தொங்குகிறது, ஒரு கம்பி வளைந்தால் போதும், புல் ஒரு பக்கம் ஒட்டவும் மறுபக்கம் உயரமாகவும் வெட்டுப்படும். தூக்கினாலும் கட்டினாலும் சேசிஸையும் ஆக்ஸிலையும்தான் பிடிக்கணும்.

பலகை வைத்து ஏற்றலாம், ஆனால் நீளமாக வேண்டும். குட்டி யானையின் தளம் இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், 8 அடிப் பலகை 18 டிகிரி சரிவு தரும், 10 அடிப் பலகை 15-க்குள் வரும். 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதே என்றுதான் பல கையேடுகள் சொல்கின்றன. பலகையின் மேல்முனையைச் சங்கிலி போட்டு பாடியோடு கட்டிவிடுங்கள், ஏனென்றால் பின்சக்கரம் ஏறும்போது பலகையைப் பின்னால் உதைக்கும். ஒரு தோட்டத்தில் கட்டாத பலகை நழுவி, முன்சக்கரம் மேலே, பின்சக்கரம் தரையில் என்று வண்டி நடுவில் உட்கார்ந்ததை நேரில் பார்த்தேன். பாடி விளிம்பில் மோதிய டெக் உள்ளங்கை அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது, பிளேடு அந்த இடத்தில் உரசி நின்றது. ஓட்டியவருக்கு அடிபடாதது பெரிய விஷயம். அதனால் ஏற்றும் முன் பிளேடை நிறுத்தி டெக்கை உச்ச உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். முன்பக்கமாக ஏற்றுவதா ரிவர்ஸிலா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

இறக்கும்போது பலகையே தேவைப்படாத வழியும் உண்டு. ஏற்காட்டில் மேடு இல்லாத இடமா? குட்டி யானையின் பின்பக்கத்தைத் தள உயரத்துக்குச் சரியாக இருக்கும் கெட்டியான மண்மேட்டில் ஒட்டி நிறுத்தி, இடைவெளியில் தடித்த தகடு போட்டால் வண்டி சமமாக உருண்டு இறங்கிவிடும்.

கட்டும்போது நாலு மூலைக்கு நாலு ராட்செட் பெல்ட், முன் ஆக்ஸிலிலும் பின்பக்கச் சட்டத்திலும். ஸ்டீயரிங், சீட், டெக் மேல் பெல்ட் போகவே கூடாது. பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பெட்ரோல் காக்கை மூடி, சாவியை எடுத்துவிடுங்கள். இந்த டயர்களில் காற்று குறைவு, பெரும்பாலும் 10 முதல் 14 பிஎஸ்ஐதான், ஓட ஓட அமுங்கி எழும்பிப் பெல்ட் தளரும். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் கட்டாயம் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

எங்கள் காலேஜ் மைதானத்தில் வண்டி பாதியில் நின்றுவிட்டது. நியூட்ரலில் போட்டும் தள்ள முடியவில்லை. கயிறு கட்டி இழுக்கலாமா?

இழுக்காதீர்கள் தம்பி. உங்களுடையது ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பாக்ஸாக இருக்கும், அதில் ஆயில் அழுத்தம்தான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பின்பக்கம், சக்கரத்துக்கு அருகே ஒரு பைபாஸ் லீவர் இருக்கும். அதை விடுவித்தால் கையால் தள்ளினாலே நகரும். மெதுவாகத் தள்ளுங்கள், பைக்கில் கட்டி இழுத்தால் பம்ப் போய்விடும். ஒன்று மறக்காதீர்கள்: லீவர் விடுபட்டிருக்கும்போது அந்தப் பிடிப்பு இருக்காது, சரிவில் வண்டி தானாக ஓடிவிடும். வேலை முடிந்ததும் லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளுங்கள்.

பிளேடு தீட்ட வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தோம். இப்போது ஸ்டார்ட் செய்தால் ஒரே வெள்ளைப் புகை.

ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்க வேண்டாம், சிலிண்டரில் ஆயில் நிறைந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, ஓட்டைமேல் துணி போட்டு, பிளக் வயரை ஓட்டையிலிருந்து தள்ளி எர்த் செய்து வைத்து எஞ்சினைச் சுற்றவிடுங்கள், ஆயில் வெளியே வந்துவிடும். அப்புறம் ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்றி, ஆயில் அளவு பார்த்து ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் புகை அடங்கும். அடுத்த முறை பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, டெக்கைத் தாங்கும் பின்களைப் பிடுங்கி அதை மட்டும் பக்கவாட்டில் இழுத்து எடுங்கள். ஜாக்கி போட்டுத்தான் ஆகணும் என்றால் இருபுறமும் ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் கை விடாதீர்கள்.

மேல்தட்டுத் தோட்டத்துக்குப் பாதை இல்லை. ஜேசிபி பக்கெட்டில் சங்கிலி மாட்டித் தூக்கலாமா?

வண்டியில் சங்கிலி மாட்டாதீர்கள் ஐயா. இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு அடித்து, வண்டியை அதில் ஏற்றிக் கட்டி, தட்டின் நாலு மூலையில் பெல்ட் மாட்டுங்கள். அதைத் தூக்கத் தகுந்த கொக்கி உள்ள கிரேன் வந்தால் நல்லது, கீழே ஆள் நிற்கவே கூடாது. அந்தச் செலவுக்கு ஓரமாக ஒரு சரிவுப்பாதை வெட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள்.