ஏர் ஃபில்டர் மாற்றினேன், டர்போ போய்விட்டது: வாரண்டி கேட்க முடியுமா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர். புரத்தில் வசிக்கிறேன். 2022 ஆகஸ்டில் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை ரூ.11.40 லட்சத்துக்கு வாங்கினேன். பணம் கட்டி நீட்டித்த வாரண்டி 2027 ஆகஸ்ட் வரை இருக்கிறது. சர்வீஸ் எதையும் தவறவிட்டதில்லை. ஆறு மாதத்துக்கு முன் ஒரு தனியார் கராஜில் கம்பெனி ஏர்பாக்ஸை (ஃபில்டர் இருக்கும் பெட்டியை) கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஓப்பன் ஃபில்டரும் அலுமினியக் குழாயும் மாட்டினேன். ரூ.24,000 ஆனது. பில் தரவில்லை, யூபிஐயில்தான் கொடுத்தேன். 41,000 கிலோமீட்டரில் விசில் மாதிரி சத்தம், இழுவை குறைவு, செக் எஞ்சின் விளக்கு. சர்வீஸ் சென்டரில், "டர்போ போய்விட்டது, வெளி ஃபில்டர் போட்டதால் வாரண்டி கிடையாது" என்று வாய்மொழியாகச் சொல்லி ரூ.1.35 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வண்டி அங்கேயே நிற்கிறது. இதற்கு முன்பே ஹெப்பாளில் போக்குவரத்து போலீஸார் 'மாடிஃபிகேஷன்' என்று ரூ.5,000 சலான் போட்டார்கள், இன்னும் கட்டவில்லை. பழைய ஏர்பாக்ஸை மாட்டிக்கொண்டு வேறு சர்வீஸ் சென்டருக்குப் போய்விடு என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நண்பர் சொன்னதை விட்டுவிடுங்கள். மாற்றத்தை மறைத்து வாரண்டியில் புது டர்போ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318 சொல்லும் ஏமாற்றுக் குற்றத்துக்குள் போய் விழும். அது பலிப்பதும் கஷ்டம். கம்பெனியின் பதிவுகளில் உங்கள் சேஸிஸ் எண்ணின் கீழ் இந்தக் குறைபாடும் 'வெளி ஃபில்டர்' என்ற குறிப்பும் ஏற்கெனவே ஏறியிருக்கக்கூடும். ஒருமுறை பொய் சொல்லிப் பிடிபட்டால், வெல்லக்கூடிய வழக்கும் கையைவிட்டுப் போகும்.

உங்கள் வழக்கு வெல்லக்கூடியதா? அதைச் சட்டப் புத்தகத்தைவிட, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் அந்த டர்போதான் சொல்லும். அதற்கு முன் வாரண்டி கையேட்டில் விலக்குகள் பக்கத்தை எடுத்து வாசகத்தைப் பாருங்கள். இரண்டு விதமாக எழுதுவார்கள். 'மாற்றியமைத்ததால் ஏற்பட்ட பழுதுக்கு வாரண்டி இல்லை' என்பது ஒன்று. 'அங்கீகாரமில்லாத மாற்றம் செய்தால் வாரண்டி ரத்து' என்பது இன்னொன்று. முதல் வாசகம் என்றால், ஃபில்டருக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பைக் கம்பெனி காட்டியாக வேண்டும். விலக்கைக் காட்டித் தப்பிக்கிறவர்தான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்பது காப்பீட்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன விதி. அதே தர்க்கத்தை வாரண்டிக்கும் வைத்து வாதாடலாம். இரண்டாவது வாசகம் உங்களுக்குக் கடினம். அப்போதும், எஞ்சினுக்குச் சம்பந்தமே இல்லாத பாகத்துக்கும் சேர்த்து மொத்த வாரண்டியையும் ரத்து செய்வது நியாயமற்ற நிபந்தனை என்று வாதிட இடமிருக்கிறது. நீட்டிப்பு வாரண்டியைக் கொடுத்தது கார் கம்பெனியா, டீலரா, காப்பீட்டு நிறுவனமா என்பதையும் அந்தச் சான்றிதழில் பாருங்கள். அதை வைத்துத்தான் எதிர்த்தரப்பு யார் என்பது முடிவாகும். இணையத்தில் பலர் மேற்கோள் காட்டும் 'வெளிப் பாகம் போட்டாலும் வாரண்டியை மறுக்கக் கூடாது' என்ற சட்டம் அமெரிக்காவினுடையது. அதை இங்கே நோட்டீஸில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

இப்போது டர்போ. உண்மையிலேயே டர்போதான் போயிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. விசிலும் இழுவைக் குறைவும் டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) நடுவே ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் வரும், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் சிக்கினாலும் வரும். மூன்றுக்கும் ஸ்கேனரில் பெரும்பாலும் ஒரே பிழைக் குறியீடுதான் (கோடு) விழும்: பி0299, அதாவது பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) போதவில்லை. காற்றுக் குழாய்களில் புகை விட்டுக் கசிவு பார்க்கும் சோதனை செய்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கேன் அறிக்கையை ஃப்ரீஸ் ஃபிரேம் தகவலோடு சேர்த்து வாங்குங்கள். பிழைக் குறியீடு விழுந்த நொடியில் எஞ்சின் சுற்று, லோடு, ஃப்யூல் டிரிம் (எரிபொருள் அளவில் செய்த திருத்தம்) எல்லாம் என்ன இருந்தன என்பது அதில் பதிவாகியிருக்கும்.

'வெளி ஃபில்டர் சென்சாரைக் குழப்பிவிட்டது' என்று சர்வீஸ் அட்வைசர் சொல்லலாம். அப்படிச் சொன்னால், உங்கள் எஞ்சினில் காற்றின் எடையை அளக்கும் மாஸ் சென்சார் இருக்கிறதா, அழுத்தத்தை மட்டும் அளக்கும் மேப் சென்சார் இருக்கிறதா என்று கேளுங்கள். மாஸ் சென்சார் இருந்தால் அவர் சொல்வதில் பொருள் உண்டு. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் கூடிப்போனால் அந்தச் சென்சாரின் சூடான கம்பியில் படிந்து அளவீடு தப்பும். சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையில் கசிவு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க் காற்று-பெட்ரோல் கலவை மெலியும், அதற்கான பி0171 குறியீடு விழும். மேப் சென்சார் மட்டும் உள்ள எஞ்சினில் டர்போவுக்கு முன்னால் இருக்கும் கசிவு கலவையை மெலிய வைக்காது. இந்த ஒரு வித்தியாசம் குறுக்கு விசாரணையில் பத்து பக்க வாதத்துக்குச் சமம்.

டர்போவைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், நீங்கள் எதிரில் இருக்கும்போது கழற்றச் சொல்லுங்கள். காற்று நுழையும் பக்கத்தில் உள்ள கம்ப்ரசர் வீலை நல்ல வெளிச்சத்தில், பாகத்தின் எண் தெரிகிற மாதிரி, நெருக்கமாகப் படமெடுங்கள். இந்த அளவு டர்போவின் வீல் முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றை நெருங்கும். அந்த வேகத்தில் உள்ளே போகும் மணல்தூள் இறகுகளின் முன்விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மழுக்கி, மங்கலாக்கிவிடும். வீலுக்கு முந்தைய குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்தால் தூசு வரும். படத்தில் இது தெரிந்தால் குற்றவாளி ஃபில்டர்தான், அல்லது அதன் கிளாம்ப். கம்பெனி மீது வழக்குப் போட்டு இரண்டு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

இறகு விளிம்புகள் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருந்து, ஷாஃப்ட்டும் பேரிங்கும் கறுத்து, எண்ணெய்க் குழாயில் கரி படிந்திருந்தால் கதை வேறு. எண்ணெய் போதாமல் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஏர் ஃபில்டருக்கு அதில் பங்கில்லை. நீங்கள் சர்வீஸைத் தவறவிடாதது இங்கேதான் கைகொடுக்கும், எல்லா இன்வாய்ஸையும் எடுத்து வையுங்கள். புகைபோக்கிப் பக்க வீலில் மட்டும் கீறலோ உடைப்போ இருந்தால் எஞ்சினுக்குள்ளிருந்து ஏதோ வந்து அடித்திருக்கிறது. ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டி, "பாருங்க சார், ஆடுது" என்றால் அதை மட்டும் வைத்து ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங்கில் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னுமாகக் கையில் உணரும்படியான ஆட்டம்தான் இருக்கக் கூடாது. வீல் உறையில் உரசிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் எண்ணெயையும் விடாதீர்கள். வடிக்கும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான இரண்டு பாட்டில்களில் தலா 100 மில்லி பிடித்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, மூடி மேல் தாள் ஒட்டி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஒன்றை எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள், மற்றது, வழக்கு வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கு. அறிக்கையில் சிலிக்கான் வழக்கத்தைவிட ஏறியிருந்தால் தூசு உள்ளே போனதற்கு அடையாளம். கழற்றிய டர்போவை ஸ்கிராப்பில் போடக் கூடாது, அப்படியே சீல் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று சர்வீஸ் சென்டருக்கு இமெயில் அனுப்புங்கள். பழைய பாகத்தை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டால் உங்கள் சாட்சி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே இமெயிலில் இன்னும் சிலவற்றைக் கேளுங்கள்: ஜாப் கார்டு நகல், வாரண்டி மறுப்புக்கான காரணம் எழுத்தில், கையேட்டின் எந்த விதியில் மறுக்கிறார்கள் என்ற எண், வண்டி நிற்பதற்கு வாடகை வசூலிப்பார்களா என்ற விவரம். வாய்மொழி மறுப்பை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஏழு நாளில் பதில் வராவிட்டால், 'இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்' என்று நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். மறுக்காமல் விட்டால் அதுவும் ஒரு சாட்சி.

கம்ப்ரசர் வீல் சுத்தமாக இருக்கிறது என்று படம் சொன்னால், உற்பத்தியாளருக்கும் டீலருக்கும் 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யுங்கள், சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட ஆணையம். செலுத்திய விலை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 10 முதல் 20 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் வெறும் ரூ.400. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு, பிரிவு 69. வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பக் கேட்கும் மனுவைப் பிரிவு 38(2)-இன் கீழும், டர்போவை அழிக்கக் கூடாது என்ற இடைக்கால உத்தரவுக்கான மனுவைப் பிரிவு 38(8)-இன் கீழும் புகாரோடு சேர்த்தே கொடுங்கள். கராஜ்காரருடன் தமிழில் பேசிய வாட்ஸ்அப் இருந்தால் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ மொழிபெயர்த்து, அசலோடு சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63(4) சான்றிதழும் இணைப்பது நல்லது. ஃபோனை மாற்றும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

வீல் மழுங்கியிருந்தால் எதிர்த்தரப்பு கராஜ். தரமற்ற ஃபில்டர், சரியாக இறுக்காத கிளாம்ப், திறந்து விட்ட பிரீதர் குழாய் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) இதில் எது என்று படத்தோடு காட்ட வேண்டும். பில் தராதது பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உங்கள் யூபிஐ பதிவே பணம் போனதற்குச் சான்று. 'சாலையில் ஓட்ட ஆகாது, பந்தயத்துக்கு மட்டும்' என்று ஃபில்டர் பெட்டியில் அச்சிட்டிருந்தால் கராஜ் அதைத்தான் பிடித்துக்கொள்ளும், எனவே அந்தப் பெட்டி உங்களிடம் இருந்தால் இப்போதே படியுங்கள். கம்பெனி, கராஜ் இரண்டையும் ஒரே புகாரில் சேர்த்து, 'இவர் இல்லையென்றால் அவர்' என்று மாற்று வாதமாக வைக்கச் சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் படத்தைப் பார்க்காமல் அப்படிச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. உங்கள் புகாரிலேயே 'ஃபில்டரால் கெட்டிருக்கலாம்' என்று ஒரு வரி வந்துவிட்டால் கம்பெனி அதையே வாசித்துக் காட்டும்.

சலானுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. ஆனால் அந்தப் பிரிவின் விளக்கத்தின்படி 'மாற்றம்' என்பது வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படியான அமைப்பு மாற்றம். ஏர் ஃபில்டர் ஆர்.சி.யில் எந்தக் கட்டத்திலும் இல்லை. உங்களுக்குப் போட்டிருப்பது 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4) ஆக இருக்கலாம். அது சற்று அகலம்: அனுமதிக்கப்படாத முறையில் பாகம் பொருத்தினால் ஒரு மாற்றத்துக்கு ரூ.5,000, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'அனுமதிக்கப்படாத' என்றால் எந்த விதியின்படி என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். கம்பெனி ஏர்பாக்ஸுக்குள் வேறு பேனல் ஃபில்டர் மட்டும் போட்டவருக்கு இந்த வாதம் வலுவானது. உங்களுடையது திறந்த ஃபில்டர், சத்தமும் கூடியிருக்கும். அப்போது சத்தம், புகை தரநிலைகளை மீறினால் ரூ.10,000 வரை அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தடையும் சொல்லும் பிரிவு 190(2) பக்கத்திலேயே காத்திருக்கிறது. சலான் தேதியில் செல்லுபடியான மாசுச் சான்றிதழ் இருந்தால் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். இல்லையென்றால் கட்டிவிடுவது மலிவு. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கட்டிய ரசீதை வாரண்டி வழக்கில் கம்பெனி காட்டலாம். அது மாற்றம் நடந்ததைத்தான் காட்டும், டர்போ எதனால் போனது என்பதைக் காட்டாது. மாற்றத்தை நீங்கள் எப்படியும் ஒப்புக்கொள்ளத்தான் போகிறீர்கள். ஈ.சி.யூ ரீமேப்பும் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பதிவு விண்ணப்பத்தில் குதிரைத்திறன் என்றொரு கட்டம் இருப்பதால் அந்தக் கணக்கே வேறு.

காப்பீட்டை இதில் இழுக்காதீர்கள். இயந்திரக் கோளாறு சாதாரண பாலிசியில் வராது. ஆனால் புதுப்பிக்கும்போது மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள், குறிப்பாக ஃபில்டர் பம்பருக்குக் கீழே தாழ்வாக இருந்தால். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் அவுட்டர் ரிங் ரோடு பட்ட பாடு நினைவிருக்கும். தாழ்வான ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சினால் எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடு வளையும், அந்தச் செலவை எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால்தான் கேட்கவே முடியும்.

படங்கள், எண்ணெய் மாதிரி, எழுத்து மறுப்பு மூன்றும் கைக்கு வந்த பிறகு வண்டியில் கம்பெனி ஏர்பாக்ஸைத் திரும்ப மாட்டுவதில் தவறில்லை, அதை ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய ஃபில்டரைக் கழுவாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். குழாய், கிளாம்போடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, தேதி எழுதி, அலமாரியில் வையுங்கள்.