சந்தைக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கொழும்புச் சந்தைகளில் மரக்கறி வாங்குவது பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவற்றில் ஏழு கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் தருகிறோம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் "எங்கட தோட்டத்துச் சாமான்" என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையிலேயே விவசாயியிடம்தான் வாங்குகிறோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஆளைப் பார்ப்பதற்கு முன் அவர் பரப்பி வைத்திருக்கும் சாமானைப் பாருங்கள். கரட், லீக்ஸ், கோவா எல்லாம் குளிர் கேட்பவை. பெரும்பாலும் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்துதான் கொழும்புக்கு வருகின்றன. புடலங்காய், பாவற்காய், பயிற்றங்காய், வெண்டிக்காய் வெயில் கேட்பவை. லீக்ஸும் புடலங்காயும் ஒரே சாக்கில் பக்கம் பக்கமாகக் கிடந்தால் அவை ஒரே தோட்டத்தில் விளைந்திருக்க வாய்ப்பில்லை. பேலியகொடையில் உள்ள மெனிங் சந்தையிலோ தம்புள்ளையிலோ மொத்தமாக எடுத்து வந்து விற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். (யாழ்ப்பாணத்திலும் மாரி காலத்தில் கரட், பீட்ரூட் பயிரிடுகிறார்கள். அதனால் கரட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.)

சொந்தமாக விளைவித்துக் கொண்டுவருபவரிடம் மூன்று நான்கு வகைக்கு மேல் இருக்காது. காய்கள் ஒரே அளவில் இருக்காது. பெரிதும் சிறிதும் கலந்திருக்கும். ஹோமாகம, பாதுக்க, ஹொரணைப் பக்கமிருந்து வருபவர்களிடம் வல்லாரை, பொன்னாங்காணி, வாழைப்பூ, ஈரப்பலாக்காய், தேசிக்காய் போன்றவையே அதிகம். "எப்போது பிடுங்கினீர்கள்? அடுத்த கிழமை என்ன கொண்டுவருவீர்கள்?" என்று கேளுங்கள். தோட்டம் செய்பவர் யோசிக்காமல் பதில் சொல்வார். சந்தையில் வியாபாரிகள்தான் அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். வியாபாரியிடம் வாங்குவதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் "தோட்டத்து" என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி: காலையில் போவது நல்லதா, மாலையிலா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இலை வகை, போஞ்சி, தக்காளி வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு முன் போங்கள். பத்து மணி வெயிலில் கீரை துவள ஆரம்பித்துவிடும். பூசணி, கிழங்கு, தேங்காய், வெங்காயம் மட்டும் வாங்குவதானால் மாலையில் போகலாம். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோக விரும்பாதவர்கள் கடைசி ஒரு மணித்தியாலத்தில் விலையைத் தாங்களாகவே குறைத்துக் கூவுவார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிந்திய சில நாட்களில் வரத்துக் குறைவு. இருப்பதும் பழைய சரக்கு. அந்தக் கிழமைக்குத் தேவையான கிழங்கு, பூசணி வகைகளை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

கேள்வி: விலை மலிவு என்று வாங்கிக்கொண்டு வருகிறேன். வீட்டில் கணக்குப் பார்த்தால் சூப்பர் மார்க்கெட்டை விடக் கூடியிருக்கிறது. எங்கே பிழை?
– வாசகி, தெஹிவளை

பதில்: பெரும்பாலும் விலை அட்டையில்தான் பிழை நடக்கிறது. ஒரு கடையில் 150 என்று எழுதியிருக்கும். பக்கத்தில் மிகச் சிறியதாக "250 கி." (கிராம்) என்றிருக்கும், சில வேளை அதுவும் இருக்காது. அப்படியென்றால் கிலோ 600 ரூபா. அடுத்த கடையில் 280 என்று எழுதியிருப்பது அரைக் கிலோவுக்கு, அதாவது கிலோ 560. கண்ணுக்கு முதலாவது கடை மலிவாகத் தெரியும். ஆகவே எங்கே நின்றாலும் "கிலோ எவ்வளவு?" என்று கேட்டுக் கிலோ கணக்கிலேயே ஒப்பிடுங்கள். சிங்களத்தில் "கிலோ எக கீயத?" என்று கேட்டால் போதும்.

இரண்டாவது, தராசு. சாமானை வைக்கும் முன் திரையில் பூச்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டிலோ கூடையிலோ வைத்து நிறுத்தால் வெறும் கூடையை முதலில் வைத்துப் பூச்சியமாக்கச் சொல்லுங்கள். ஊசித் தராசானால் நேர் எதிரே நின்று பாருங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் ஊசி தள்ளித் தெரியும். வியாபாரத் தராசுகளுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் பையில் இருக்கும் திறக்காத ஒரு கிலோ சீனிப் பக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். பக்கெட்டின் பாரத்தையும் சேர்த்து ஒரு கிலோவை விடச் சில கிராம் கூடத்தான் காட்ட வேண்டும். முறையிட வேண்டுமானால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.

போவதற்கு முன் அன்றைய நிலவரம் தெரிந்திருந்தால் பேரம் பேசுவது இலகு. புறக்கோட்டை, நாரஹேன்பிட்டி, தம்புள்ளை விலைகளை மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கையாக இணையத்தில் வெளியிடுகிறது. அதில் மொத்த விலை ஒரு பத்தியிலும் சில்லறை விலை இன்னொரு பத்தியிலும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு போய் வியாபாரியிடம் சண்டை பிடிக்காதீர்கள்.

கேள்வி: வல்லாரையும் பொன்னாங்காணியும் இரண்டாம் நாளே அழுகிவிடுகின்றன. பிறிட்ஜில்தான் வைக்கிறேன்.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: அழுகல் சந்தையிலேயே ஆரம்பிக்கிறது. கீரைக் கட்டை வெளியிலிருந்து பார்க்காமல் கயிறு கட்டிய இடத்தில் இரண்டு விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். வாடாமல் இருப்பதற்காகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தண்ணீர் கட்டின் நடுவில் தேங்கும். அங்கேதான் இலை முதலில் கறுத்து வழுவழுப்பாகும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த வாடை தெரியும். வெளி இலை பச்சைப் பசேலென்றிருந்தாலும் அந்தக் கட்டு அன்றிரவைத் தாண்டாது. தண்டின் வெட்டுவாய் வெளிறி ஈரமாக இருந்தால் அன்றைக்கு வெட்டியது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் நேற்றையது.

வீட்டுக்கு வந்தவுடன் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கறுத்த இலை ஒன்றே ஒன்று இருந்தாலும் எடுத்தெறியுங்கள். கழுவாதீர்கள், ஈரம் அதிகமென்றால் துணியில் பரப்பி அரை மணித்தியாலம் காற்றாட விடுங்கள். பிறகு உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, மூடி இறுக்காத பெட்டியில் வையுங்கள். நான்கு நாட்களுக்குத் தாங்கும். சமைக்கும்போதுதான் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். தக்காளி, பழுத்த வாழைப்பழம், மாம்பழம் இருக்கும் தட்டில் கீரையை வைத்தால் மஞ்சளாகிவிடும். அந்தப் பழங்கள் விடும் எதிலீன் வாயுதான் காரணம். கங்குன் கீரையை மட்டும் பச்சையாகச் சேர்க்கவே வேண்டாம். சேற்று நீரில் வளர்வது, நன்றாக வெந்திருக்க வேண்டும்.

கேள்வி: "சேதன" (ஓர்கானிக்) என்று எழுதி இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், நுகேகொடை

பதில்: 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது. "சேதன" என்பது எல்லோர் வாயிலும் அடிபட ஆரம்பித்தது அப்போதுதான். வெறும் அட்டை எதற்கும் சான்று அல்ல. மூன்று கேள்விகள் கேளுங்கள்: தோட்டம் எங்கே, பூச்சிக்கு என்ன அடிக்கிறீர்கள், யார் வந்து பார்த்துச் சான்று கொடுத்தார்கள்? விவசாயத் திணைக்களத்தின் எஸ்எல்-கெப் சான்று என்று சொன்னால் அது நல்ல விவசாய நடைமுறைக்கான சான்று. அளவாக மருந்து அடித்து, உரிய நாள் கழித்து அறுவடை செய்தது என்று அர்த்தமே தவிர, மருந்தே அடிக்காதது என்று அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுபவரிடம் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 2012இல் தொடங்கிய குட் மார்க்கெட் சனிக்கிழமைகளில் கொழும்பு 7 ரேஸ்கோர்ஸில் கூடுகிறது. அங்கே விற்பவர்களை முன்கூட்டியே பரிசீலித்துத்தான் சேர்க்கிறார்கள். கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். விலை சாதாரணச் சந்தையை விடக் கூடத்தான்.

சேதனக் கீரையில் புழு கடித்த ஓட்டை இருந்தே ஆக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். மருந்து அடித்த தோட்டத்திலும் ஓட்டை விழும், ஆகவே அது அடையாளம் ஆகாது.

கேள்வி: வீட்டுக்காகப் பேலியகொடையில் நேரடியாக வாங்கலாமா?
– வாசகர், வத்தளை

பதில்: அது மொத்தச் சந்தை. சாக்கு, பெட்டிக் கணக்கில்தான் மலிவு. நான்கைந்து வீடுகள் சேர்ந்து வாங்கினால் இலாபம், தனி வீட்டுக்கு ஓட்டோக் கூலியே அதைத் தின்றுவிடும்.

கேள்வி: மரவள்ளிக்கிழங்கு பார்க்க நன்றாக இருக்கிறது. வெட்டினால் உள்ளே நீலக் கோடு. ஏன்?
– வாசகி, மட்டக்குளி

பதில்: பிடுங்கி இரண்டு மூன்று நாளானதும் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு விழும். மேல்தோலில் தெரியாது. விற்பவரிடம் முனையில் ஒரு துண்டு வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள். பால் வெள்ளையாக, நார் இல்லாமல் இருக்க வேண்டும். மண் ஒட்டிய, முறியாத கிழங்காக எடுங்கள். காயம் பட்ட இடத்திலிருந்துதான் கோடு தொடங்கும். அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். உள்தோலையும் சேர்த்து உரித்து, நிறையத் தண்ணீர் விட்டு, சட்டியை மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கிழங்கில் இயல்பாக உள்ள சயனைட் நச்சு ஆவியோடும் தண்ணீரோடும் போவதற்குத்தான் மூடி போடக் கூடாது என்கிறோம். கசக்கும் துண்டைச் சாப்பிட வேண்டாம்.