போலீஸ்காரர்களுக்கு வேலையில் ஊக்கம் குறைந்தால் அது எதில் தெரியும்? சம்பளம் கூட்டினால் சரியாகுமா?

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களை வைத்துச் சொல்கிறேன். பந்தோபஸ்திலும் பாராவிலும் (நிலைய வாசல் காவல்) தெரியாது. ஊக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் அங்கே நின்றாக வேண்டும். யாரும் பார்க்காத வேலையில்தான் தெரியும்.

இரவு ரோந்தில் பட்டா புத்தகத்தில் (ரோந்து போனதைக் குறிக்கும் புத்தகம்) கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். அல்லது ஏ.டி.எம். காவலாளியிடம் இரண்டு வார்த்தை பேசி, புதிதாக நிற்கும் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டும் போகலாம். புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான். வழக்கிலும் அப்படியே. காயச் சான்றுக்கும் தடயவியல் அறிக்கைக்கும் நடையாய் நடப்பவர் ஏட்டு. அவர் மெத்தனமாக இருந்தால், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டிய கெடு, வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாள், தாண்டி, உள்ளே இருப்பவர் ஜாமீனை உரிமையாகவே கேட்டு வாங்கிவிடுவார்.

சம்பளம் குறைந்தால் வெறுப்பு வரும். கூட்டினால் வெறுப்பு போகும், அதற்கு மேல் ஈடுபாடு தானாக வராது. உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொன்னதுதான்.

என் பார்வையில் சிக்கல் வேறு இடத்தில். இரண்டாம் நிலைக் காவலர் 10 ஆண்டில் முதல்நிலை, மேலும் 5 ஆண்டில் ஏட்டு, இன்னும் 10 ஆண்டில் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்). நெடுங்காலம் இருந்த கணக்கு இது. யாரும் தேங்கிப்போகாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓடி ஓடி உழைத்தவரும் ஒதுங்கி நின்றவரும் ஒரே நாளில் பட்டை வாங்குகிறார்கள். அதே சமயம் 3-பி குற்றக் குறிப்பாணை (பெரிய தண்டனை வரை போகக்கூடிய துறை நடவடிக்கை) நிலுவையில் இருந்தால் உயர்வு நின்றுவிடும். குறிப்பாணை யாருக்கு வரும்? எதையாவது செய்தவருக்குத்தான் பெரும்பாலும். புகாரை வழக்காகப் பதிந்தால் நிலுவை வழக்கு எண்ணிக்கை ஏறும், கிரைம் மீட்டிங்கில் திட்டு விழும், வழக்குப் பதியாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் பெற்றதற்கான சீட்டு) அனுப்பிவிட்டால் ஒன்றும் இல்லை. இதைப் பார்த்துப் பழகியவரிடம் ஊக்க உரை நிகழ்த்திப் பயன் இல்லை.

2021-ல் வார ஓய்வு அரசாணை வந்தது. திருவிழா, வி.ஐ.பி. வருகை என்று கடைசி நேரத்தில் ரத்தானால், ஓய்வே இல்லாத காலத்தைவிட மனம் அதிகம் கசக்கும், ஏனென்றால் வீட்டில் சொல்லி வைத்திருப்பார். ஆய்வாளரே செய்யக்கூடியது: ஓய்வுப் பட்டியலை ஒரு வாரம் முன்பே, மாற்று ஆளின் பெயரோடு எழுதி ஒட்டுவது. ரத்தானால் ஈடான நாளை அதே பட்டியலில் அப்போதே குறிப்பது. இரவுப் பணி முடித்தவரைக் காலை பந்தோபஸ்துக்கு அனுப்பாமல் இருப்பது. குற்றவாளியைப் பிடித்ததற்கான ரிவார்டு பரிந்துரையை அந்த மாதமே அனுப்புவது, அதில் வண்டி ஓட்டியவர் பெயரையும் சேர்ப்பது. பெரும்பாலும் விடுபடுவது அவர் பெயர்தான்.