வாகன விபத்தில் தலைக்காயம்: வழக்கு, இழப்பீடு குறித்த கேள்விகளும் பதில்களும்

தலைக்காய வழக்குகளை நடத்தும் வக்கீல் என்பதால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கேள்விகள் பல நாடுகளிலிருந்து வந்துள்ளன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இந்த வழக்குகளில் வரும் சிக்கல் எங்கேயும் ஒன்றுதான்: கால் உடைந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், ஆள் மாறிப்போனதை எந்தப் படமும் காட்டாது. பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அதனால் இங்கே முதல் சாட்சி வீட்டில் கூட இருப்பவர்கள்தான்.

மேடம், என் கணவர் பைக்கில் போகும்போது கார் மோதியது. சி.டி. ஸ்கேன் நார்மல் என்று இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். இப்போது நாலு மாதம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் கோபம், மறதி, வேலையில் தப்புத் தப்பாகச் செய்கிறார். இன்சூரன்ஸ்காரர் "ஸ்கேனில் ஒன்றுமில்லையே" என்கிறார். கேஸ் நிற்குமா?

நிற்கும் அம்மா. அவசரப் பிரிவில் சி.டி. எடுப்பது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டிய ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. நார்மல் என்றால் அன்றைக்கு அந்த ஆபத்து இல்லை, அவ்வளவுதான். வேகமாக மோதி நிற்கும்போது மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்கித் திருகும். அதில் நரம்பிழைகள் சேதமடைவது சி.டி.யில் பல நேரம் தெரியாது. நுண்ணிய ரத்தக்கசிவைக் காட்டும் விதமாக எம்.ஆர்.ஐ. எடுத்தால் சில சமயம் தெரியும். அதிலும் தெரியாமல் போவது உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

படம் கைகொடுக்காதபோது இரண்டு விஷயங்கள் கைகொடுக்கும். ஒன்று, நியூரோசைக்காலஜிஸ்ட் (மூளையின் செயல்பாட்டைச் சோதிக்கும் உளவியலாளர்) செய்யும் பரிசோதனை. நினைவாற்றல், கவனம், யோசிக்கும் வேகம், திட்டமிடும் திறன் எல்லாவற்றையும் பல மணி நேரம் உட்காரவைத்து அளப்பார்கள். ஆள் வேண்டுமென்றே தப்பாகச் செய்கிறாரா என்று கண்டுபிடிக்கும் சோதனைகளும் அதற்குள்ளேயே இருக்கும். பயப்படாதீர்கள், எதிர்த்தரப்பு "நடிக்கிறார்" என்று சொல்லும்போது உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

இன்னொன்று, நீங்கள் எழுதும் நோட்டு. இன்றைக்கே ஆரம்பியுங்கள். "எரிச்சலாக இருக்கிறார்" என்று எழுதினால் நீதிமன்றத்தில் அதற்கு எடை இல்லை. "செவ்வாய் காலை அடுப்பை எரியவிட்டு வெளியே போய்விட்டார். கேட்டதற்கு, நான் பற்றவைக்கவே இல்லை என்று கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, ஏன் அழுகிறாய் என்று என்னையே கேட்டார்" என்று எழுதுங்கள், தேதி போட்டு. நல்ல நாட்களையும் எழுதுங்கள். எல்லா நாளும் மோசம் என்று எழுதிய நோட்டை யாரும் நம்பமாட்டார்கள். விபத்துக்கு முன்பு அவர் எப்படி இருந்தார் என்று சொல்லக்கூடிய மேலதிகாரி, கூட வேலை செய்தவர், பழைய நண்பர் ஆகியோரின் பெயர்களையும் குறித்து வையுங்கள். பழைய சம்பளச் சீட்டும் வேலை மதிப்பீடும் கிடைத்தால் எடுத்து வையுங்கள்.

அக்கா, என் தம்பியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஜி.சி.எஸ். 14, லேசான தலைக்காயம்" என்று இருக்கிறது. லேசானது என்று எழுதிவிட்டார்களே, இனி என்ன செய்ய முடியும்?

ஜி.சி.எஸ். என்பது கிளாஸ்கோ கோமா ஸ்கேல்; 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இரண்டு மருத்துவர்கள் உருவாக்கிய அளவுகோல். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-க்குக் கீழே இருந்தாலோ 8 ஆக இருந்தாலோ கடுமையானது. ஆனால் அது அந்த வேளையில் அவர் எவ்வளவு விழிப்பாக இருந்தார் என்பதன் அளவு. வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படும் என்பதன் அளவு இல்லை. 14 என்று ஆரம்பித்து, பல மாதம் தலைவலியும் மறதியுமாகக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வேலை செய்யுங்கள் தம்பி. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆம்புலன்ஸ் குறிப்பு, நர்ஸ் எழுதிய சார்ட் உட்பட முழு ரெக்கார்டையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். "திரும்பத் திரும்ப ஒரே கேள்வி கேட்கிறார்" என்று இரவுப் பணி நர்ஸ் எழுதிய ஒரு வரி பல சமயம் கேஸையே மாற்றும். விபத்துக்குப் பிறகு எவ்வளவு நேரத்துக்கு நினைவு தொடர்ச்சியாகத் தங்கவில்லை என்பதை மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பார்கள். 24 மணி நேரத்தைத் தாண்டினால் அதை லேசானது என்று வகைப்படுத்தமாட்டார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை தருகிறேன், இந்த வாரமே கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. ஆஸ்பத்திரிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. வாங்கிக்கொள்ளட்டுமா?

கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கஷ்டம் தெரிந்துதான் சொல்கிறேன். அந்தக் காகிதத்தில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். அதன்பின் வலிப்பு வந்தாலும் வேலை போனாலும் திரும்பிப் போய்க் கேட்க முடியாது. தலைக்காயத்துக்குப் பிறகான வலிப்பு மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் மெதுவான ரத்தக்கசிவு வாரங்கள் கழித்துத் தலைகாட்டுவது உண்டு. மூளை ஆறிவரும் வேகம் முதல் வருடத்தில் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் எந்த மருத்துவராலும் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்ல முடியாது. கம்பெனி அவசரப்படுவதும் அதனால்தான்.

இங்கிலாந்தில், பின்னால் நிலைமை மோசமாகலாம் என்ற வாய்ப்பு இருந்தால், இப்போது ஒரு தொகை, பிறகு மோசமானால் மறுபடி வரலாம் என்று நீதிமன்றம் உத்தரவிட வழி உண்டு. இந்தியாவில் அப்படி இல்லை. இறுதித் தீர்ப்புக்குப் பிறகு தனியாக மருத்துவச் செலவு கேட்டு வர முடியாது, வருங்காலச் செலவையும் ஒரே தீர்ப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது.

கடனுக்கு வழி: பல நாடுகளில் வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு கேட்டு மனுப் போடலாம். வக்கீலிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

என் அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை. அவர் பெயரில் யார் கேஸ் போடுவது?

தன் விஷயத்தைத் தானே முடிவு செய்ய முடியாத நிலையில் இருந்தால், அவர் சார்பில் இன்னொருவர் வழக்கு நடத்த எல்லாச் சட்டங்களும் இடம் கொடுக்கின்றன. பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ நீதிமன்ற அனுமதியோடு முன்நிற்பார்கள். செட்டில்மெண்டுக்கும் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். இது உங்களுக்குத் தொந்தரவாகத் தெரியும், ஆனால் அப்பாவுக்கு அது பாதுகாப்பு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவருடைய கைரேகையை எந்தக் காகிதத்திலும் வைக்கவிடாதீர்கள், வங்கிக் காகிதமாக இருந்தாலும் சரி. வாங்க வருகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் விடாதீர்கள்.

எத்தனை நாளைக்குள் கேஸ் போட வேண்டும்?

இங்கிலாந்தில் பொதுவாக 3 வருடம். மனத்திறன் இல்லாதவருக்கு அந்தக் கெடு ஓடாது, சிறுவர்களுக்கு 18 வயதிலிருந்து எண்ணுவார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் பொதுவாக 2 வருடம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்க 6 மாதம் என்று வைத்தது. அது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்தில் 1974 முதல் வேறு முறை: யார் மேல் தப்பு என்று பார்க்காமல் அரசுத் திட்டமே கொடுக்கும், காயத்துக்காக மோதியவர் மேல் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. மோதியது அரசு வாகனம் என்றால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கும் கெடு இன்னும் குறுகியதாக இருக்கலாம்.

ஆனால் சட்டக் கெடுவை விட எனக்குக் கவலை சாட்சியத்தின் கெடுதான். கடை வாசல் கேமராப் பதிவு சில நாள்களில் அழிந்துவிடும். இப்போதைய கார்கள் பலவற்றில் மோதுவதற்கு முந்தைய நொடிகளின் வேகமும் பிரேக்கும் பதிவாகியிருக்கும். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டால் அதுவும் போச்சு. இவற்றை அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் கேட்டு நிறுத்தி வையுங்கள். விரிசல் விட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். பையில் போட்டு வையுங்கள்.

அவன் ஹெல்மெட் போடவில்லை. கேஸே போட முடியாது என்கிறார்கள்.

போடலாம். ஹெல்மெட் போடாததால் விபத்து நடக்கவில்லை; காயம் பெரிதாகியிருக்கலாம். அந்த அளவுக்குத் தொகையைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1975-இல் சீட் பெல்ட் வழக்கு ஒன்றில் இதற்குக் கணக்கே போட்டார்கள்: பெல்ட் போட்டிருந்தால் காயமே வந்திருக்காது என்றால் 25%, குறைந்திருக்கும் என்றால் 15%, எப்படியும் வந்திருக்கும் என்றால் குறைப்பே இல்லை. உங்கள் நாட்டில் விழுக்காடு வேறாக இருக்கலாம்.

எனக்கு ஏற்கெனவே மன அழுத்தத்துக்கு மருந்து உண்டு. அதை மறைத்துவிடலாமா?

மறைக்காதீர்கள். மருத்துவ ரெக்கார்டு எதிர்த்தரப்பு கையில் கிடைத்தே தீரும். மறைத்தது தெரிந்தால் உண்மையான பாதிப்பையும் நம்பமாட்டார்கள். மோதியவர், எதிரே வந்த மனிதர் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே பொறுப்பேற்க வேண்டும் என்பது பல நாடுகளில் ஊறிய விதி. மருந்து சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போனீர்கள், இப்போது முடியவில்லை என்றால் அந்த வித்தியாசம்தான் உங்கள் வழக்கு.

மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டான். நம்பர் தெரியாது.

போலீசில் புகாரை உடனே பதிவு செய்யுங்கள். தாமதமான புகாரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது. இந்தியாவிலும் அடையாளம் தெரியாத வாகனத்துக்கான அரசுத் திட்டம் உண்டு, தொகை சிறியது. உங்கள் சொந்தப் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள்.

மேடம், மகளைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டுவிட்டேன். அம்மா செய்கிற வேலைக்குப் பணம் கேட்பது அசிங்கம் என்கிறார்கள்.

அதில் அசிங்கம் எதுவும் இல்லை. நீங்கள் செய்வது ஒரு பராமரிப்பாளரின் வேலை. நாளைக்கு உங்களால் முடியாதபோது அதை யாராவது சம்பளத்துக்குத்தான் செய்ய வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2020-இல், விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒரு 12 வயதுச் சிறுமியின் வழக்கில், ஏதோ ஒரு மொத்தத் தொகை என்று கொடுக்காமல், இரண்டு உதவியாளர்களுக்கான செலவைச் சம்பள இழப்பைக் கணக்கிடுவதுபோல வருடங்களால் பெருக்கிக் கொடுத்தது. எந்த நாட்டு வக்கீலாக இருந்தாலும் சம்பளம், மருந்து, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, ஆள் துணை, வீட்டில் செய்ய வேண்டிய மாற்றம், வேதனை என்று தலைப்புத் தலைப்பாகக் கேட்க வேண்டும். உங்கள் ஒரு நாளை, காலை எழுந்தது முதல் இரவு இரண்டு மணிக்கு மகளைத் திருப்பிப் படுக்கவைப்பது வரை, மணிக்கணக்கோடு எழுதிக் கொடுங்கள்.

எப்படிப்பட்ட வக்கீலைப் பிடிப்பது? ஃபீஸ்?

மூளைக் காய வழக்குகளை நடத்தியவரா, நியூரோசைக்காலஜிஸ்ட் அறிக்கையைப் படித்து உங்களுக்கு விளக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். சில நாடுகளில் ஜெயித்தால் விழுக்காடு வாங்கலாம். இந்தியாவில் வக்கீல்கள் அப்படி வாங்க விதி அனுமதிக்கவில்லை. வசதி இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வந்து கையெழுத்துக் கேட்பவரை நான் சேர்க்கமாட்டேன்.

கடைசிக் கேள்வி அக்கா. அண்ணன் "எனக்கு ஒன்றுமில்லை, கேஸ் வேண்டாம்" என்கிறான். வண்டி ஓட்டப் போகிறேன் என்கிறான்.

அது பிடிவாதமாக மட்டும் இருக்காது. தன் குறையை உணரும் பகுதியே அடிபட்டிருக்கலாம். வாதாடி ஜெயிக்க முடியாது. சாவியை மருத்துவர் சொல்லித்தான் வாங்க வேண்டும். அவனை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்து வீட்டில் நடப்பதைச் சொல்லுங்கள், அது ரெக்கார்டில் ஏறட்டும். எதிர்த்தரப்பு மருத்துவர் பரிசோதிக்கும் நாளிலும் அவன் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வான், அதனால் கூடப் போக அனுமதி கேளுங்கள். கல்யாண வீட்டில் சிரித்த போட்டோவை யாரும் வலைத்தளத்தில் போட வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடமும் சொல்லிவையுங்கள். கேஸ் வேண்டுமா என்பதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. கெடு எப்போது என்று மட்டும் ஒரு வக்கீலிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ரெக்கார்டுகளை இப்போதே வாங்கி வையுங்கள்.