அனுபவம் இல்லாத மகனுக்கு அனுபவச் சான்றிதழ் எதற்கு?

ஐயா, வணக்கம்.

தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த மகனை நேர்முகத் தேர்வில் "கற்றுக்குட்டி" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் மைத்துனரிடம் இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். பொய் சொல்வது பாவம் என்பதெல்லாம் இருக்கட்டும். அந்தத் தாள், தம்பிக்கு இன்று திறந்திருக்கும் நல்ல கதவு ஒன்றையே சாத்திவிடும்.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ், டிப்ளமோ முடித்தவர்கள் ஓராண்டு உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். நாம் அப்ரண்டிஸ் என்று சொல்வது இதைத்தான். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. படிப்பை முடித்த பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்களை இதில் சேர்ப்பதில்லை. அதாவது, அனுபவம் இல்லாமல் இருப்பதுதான் இங்கே தகுதி! மைத்துனர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தகுதி போய்விடும். பெரிய நிறுவனங்களுக்குப் போனாலும், முன்பு வேலை பார்த்த இடத்தை வருங்கால வைப்பு நிதிக் கணக்கை வைத்துச் சரிபார்க்கிறார்கள். பட்டறையில் அப்படி ஒரு கணக்கு இருக்காது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வீட்டில் எல்லோரையும் புண்படுத்தியிருப்பது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. "கற்றுக்குட்டி" என்பது ஏளனம். சொன்னவரின் நாகரிகக் குறைவு, அதை அவரிடமே விட்டுவிடுங்கள். "அரைவேக்காடு" அதைவிட மோசம், ஆனால் அது அனுபவம் இல்லாதவனைக் குறிப்பதில்லை. பாதி தெரிந்துகொண்டு முழுதும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவனைக் குறிப்பது. பொய்ச் சான்றிதழோடு போய் உட்கார்ந்தால் அந்தப் பெயர்தான் மிஞ்சும். "புதுமுகம்" சினிமாவுக்கும் தேர்தலுக்கும் பொருந்தும். தனியார் விளம்பரங்களில் "ஃபிரெஷர்" என்றிருந்தால் தம்பி தயங்காமல் விண்ணப்பிக்கலாம். "அனுபவமுள்ளவர்களுக்கு முன்னுரிமை" என்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். முன்னுரிமை என்றால் மற்றவர்கள் வரக்கூடாது என்று பொருளில்லை. "குறைந்தது இரண்டாண்டு அனுபவம் கட்டாயம்" என்றிருந்தால் மட்டும் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த சொல் "பழகுநர்". பழகுநர் உரிமம் வாங்கி, சிவப்பில் 'எல்' எழுத்தை ஒட்டிக்கொண்டு ராமேசுவரம் சாலையில் வண்டி ஓட்டுகிறவரை, வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

நீங்கள் அனுப்பிய தம்பியின் தன்விவரக் குறிப்பையும் பார்த்தேன். முதல் வரியே "எனக்கு முன் அனுபவம் எதுவும் இல்லை, வாய்ப்பளித்தால் கற்றுக்கொள்வேன்" என்று கெஞ்சுகிறது. கேட்காத கேள்விக்கு ஏன் இந்தப் பதில்? அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், தடைக்காலத்தில் உங்கள் விசைப்படகின் என்ஜினைப் பிரிக்கும்போது மெக்கானிக்கோடு அவன்தான் கூட நிற்பான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் வரவேண்டிய செய்தி இது! இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"படிக்கும் காலத்தில், மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தந்தையின் விசைப்படகில் டீசல் என்ஜின் பராமரிப்புக்கு உதவியாக இருந்தேன். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். இன்ஜெக்டரைக் கழற்றவும் வால்வ் இடைவெளி பார்க்கவும் மெக்கானிக்குக்கு உதவினேன்."

"உதவியாக" என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். தானே செய்ததையும் கூட இருந்து பார்த்ததையும் பிரித்து எழுதினால்தான் எதிரில் இருப்பவர் நம்புவார். அவர் உடனே, "வால்வ் இடைவெளியை என்ஜின் சூடாக இருக்கும்போது பார்ப்பீர்களா, ஆறிய பிறகா?" என்று கேட்கக்கூடும். என்ஜின் தயாரித்தவர்கள் சொன்ன முறைப்படி என்பதே சரியான பதில். உங்கள் படகின் என்ஜினுக்கு எப்படி என்று மெக்கானிக்கிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். படிப்புக் காலத்தில் வீட்டுப் படகில் செய்த இந்த வேலை, பழகுநர் பயிற்சிக்குத் தடையாகாது. விதி கணக்கில் எடுப்பது டிப்ளமோ முடித்த பிறகு பார்த்த வேலையைத்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது: பழகுநர் பயிற்சி முடித்ததும் அதே இடத்தில் வேலை தந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஊரில் சிலர் அப்படிச் சொல்லிப் பணம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பதிவு இணையத்தில்தான், கட்டணம் கிடையாது. கையில் கிடைப்பது ஓராண்டுப் பயிற்சிக்கான அரசுச் சான்றிதழ்.

பதிவு செய்யும்போது ஆதார், டிப்ளமோ மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றிலும் தம்பியின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தோடு நீங்கள் வைத்த நகல்களில் தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.