கதையில் சொல்லாத நரி

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஐந்து வயது. சந்தைக்குப் போன ஆட்டுக்குட்டி என்று நானே கட்டிய கதையைத்தான் தினமும் சொல்லச் சொல்லுவாள். அதை ஜெமினி என்ற கூகுளின் ஏஐ கருவியில் எழுதிக் கொடுத்தேன். பத்துப் பக்கப் படக்கதையாக வந்துவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மறுநாளே “இது வேற ஆடு” என்கிறாள். முதல் பக்கத்தில் கறுப்பாக இருந்த காது நான்காம் பக்கத்தில் வெள்ளை. போதாக்குறைக்கு, நம் ஊர் வீடுகளில் புகைபோக்கி வேறு. திருத்தி அமேசானில் போடு என்கிறார்கள் தோழிகள். ஓவியம் படித்த என் தம்பி இதைத் திருட்டு என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி,
கோவில்பட்டி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் சொன்னது சரி. அது வேறு ஆடுதான். இந்தக் கருவிகளுக்கு ஒவ்வொரு படமும் புதுப் படம். முந்தைய பக்கத்தின் படத்தையே மாதிரியாகக் கொடுத்து வரையச் சொன்னால் ஓரளவு ஒத்து வரும். புகைபோக்கி எங்கிருந்து வருகிறது என்பதையும் ஊகிக்கலாம். தான் எதைப் பார்த்துப் படித்தது என்பது வெளியே தெரிந்த கருவி ஸ்டேபிள் டிஃப்யூஷன். அதற்குப் பாடமாக அமைந்த லயான்-5பி தொகுப்பில் சுமார் 585 கோடிப் படங்கள், அவற்றில் 230 கோடிக்கு மேல் ஆங்கிலக் குறிப்போடு இருப்பவை. பெரும்பாலும் அந்த ஆங்கிலப் பகுதியைத்தான் அது படித்தது. அப்படிப் படித்ததிடம் வெறுமனே ‘கிராமத்து வீடு’ என்றால் எந்த ஊர் வீடு வரும்? ஓட்டு வீடு, திண்ணை, வாசலில் வேப்பமரம் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

இதெல்லாம் திருத்தக்கூடியவை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோஸீஸ் வாக்’ என்ற படக்கதையைச் சொல்ல வேண்டும். ஒரு கோழி தோட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவுதான், மொத்தமே ஒரு வாக்கியம். ஆனால் படத்தில் ஒரு நரி கோழியின் பின்னாலேயே வருகிறது. பாயும்போதெல்லாம் எதிலாவது மாட்டிக்கொள்கிறது, குளத்தில் விழுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. நரி என்ற சொல்லே புத்தகத்தில் கிடையாது. அம்மா கோழியைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்க, குழந்தை நரியைப் பார்த்துக் கத்துகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு, வாசிக்கத் தெரிந்த பெரியவரைவிட அதிகம் தெரிந்திருக்கிற இடம் அது. படக்கதையின் உயிர் அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஏஐயிடம் கொடுத்தால் குளத்தோரம் நடக்கும் அழகான கோழி வரும். நரியை யாராவது யோசித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் கதையில் அந்த ஆள் நீங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுத்தில் இல்லாத எது படத்தில் இருக்கப்போகிறது என்று முதலில் தாளில் எழுதுங்கள். ‘ஆட்டுக்குட்டி சமர்த்தாகச் சந்தையைச் சுற்றிப் பார்த்தது’ என்று எழுத்து சொல்லட்டும். படத்தில் அது கீரைக்காரம்மாவின் கூடையைக் காலி செய்துகொண்டிருக்கட்டும். அப்புறம் எந்தக் கருவியையும் தொடலாம்.

தம்பியின் கோபத்தை நான் மதிக்கிறேன். சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள், தங்கள் படங்களைக் கேட்காமலே எடுத்துக் கருவிகளைப் பழக்கிவிட்டார்கள் என்று 2023 ஜனவரியில் இத்தகைய கருவிகளை நடத்தும் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டதும் இதே கோபத்தில்தான். வீட்டில் ஒரு குழந்தைக்காகச் செய்து காட்டுவதில் எனக்குக் குறை தெரியவில்லை. விற்பது வேறு விஷயம். அங்கே ஓவியர்களின் உழைப்பிலிருந்து கற்ற கருவி, அவர்களுடைய கடைக்கு எதிரிலேயே கடை போடுகிறது.

அமேசானைப் பற்றி இரண்டு தகவல். ஏஐ உருவாக்கிய எழுத்தோ படமோ இருந்தால் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று 2023 செப்டம்பரில் விதி வைத்தார்கள். அதே மாதம் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புத்தகங்களுக்கு மேல் ஏற்ற முடியாதபடியும் கட்டுப்படுத்தினார்கள். எந்த வேகத்தில் வந்து குவிந்திருக்கும், பாருங்கள். நீங்கள் சொல்வது அமேசானுக்குத்தான் போகும், வாங்குகிறவருக்கு அல்ல. போடுவதானால் ஏஐ படங்கள் என்று அட்டையிலேயே அச்சிடுங்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு படக்கதைக்கு எழுத்திலும் படங்களை அடுக்கிய விதத்திலும் உரிமை தந்தது, மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி வரைந்த படங்களுக்குத் தரவில்லை. அங்கும் விற்கப்போகிறீர்கள் என்றால் இதை யோசியுங்கள்.

அது சரி, தம்பியிடமே கேட்டீர்களா? விற்கிற புத்தகமென்றால் அவர்தான் வரைய வேண்டும் என்பேன். உங்கள் தாள் குறிப்பை அவரிடம் கொடுங்கள், கூலியை முன்பே பேசுங்கள், அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவில் வரட்டும். அவருக்கு நேரமில்லை என்றால் குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். ஓவியர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு வெளியான படங்கள் அங்கே ஏராளம்.