கேள்வி நேரம்: வேகம் கையிலா, பிடியிலா?

ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டிகளில் கைத்துப்பாக்கியை உறையிலிருந்து உருவிச் சுடுகிறார்கள். ஒலிம்பிக்கில் ஏன் இப்படி இல்லை?
– வாசகர், கோவை

ஒலிம்பிக்கில் உறைக்கே வேலையில்லை. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் எனும் வேகச் சுடுதலில் துப்பாக்கி பிடித்த கையைக் குறைந்தது 45 டிகிரி தாழ்த்திக் காத்திருப்பார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் உயர்த்திச் சுடுவார்கள். ஐ.பி.எஸ்.சி. வேறு மரபு. 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் பிறந்தது. பெற்ற புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுப்பதால், உருவுவதில் மிச்சமாகும் அரை வினாடிக்கும் அங்கே மதிப்பு உண்டு.

ஐ.பி.எஸ்.சி. பழகுகிறேன். எவ்வளவு வேகமாகக் கையை இழுத்தாலும் 7 மீட்டரில் முதல் குண்டுக்கு 2 வினாடிக்கு மேல் ஆகிறது. எங்கே தவறு?
– வாசகர், மெல்போர்ன்

இழுப்பதில் இருக்காது, பிடிப்பதில் பாருங்கள். தொடங்கச் சொல்லும் பீப் ஒலித்ததும் விரைய வேண்டியது கை உறையை நோக்கிப் போகும்போதுதான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சவ்வு, பிடியின் பின்பக்க உச்சியில் அழுந்த வேண்டும். நடுவிரல் டிரிகர் வளையத்தின் அடியை முட்ட, மற்ற இரு விரல்களும் அதன் கீழே பிடியைச் சுற்ற வேண்டும். சுட்டுவிரல் நீட்டியபடி உறைக்கு வெளியே. இந்தப் பிடி உறைக்குள்ளேயே முழுமையாகிவிட வேண்டும். தாழ்வாகப் பிடித்து உருவினால் நடுவழியில் திருத்திக்கொண்டிருப்பீர்கள். உங்கள் அரை வினாடி அங்கேதான் போகிறது.

அதே நேரத்தில் மற்றொரு கை நெஞ்சோடு ஒட்டி வந்து காத்திருக்கட்டும். சும்மா தொங்கினால் பின்னால் ஓடிவந்து சேரும். அவசரத்தில் குழல் வாய்க்கு முன்னாலும் வரும். துப்பாக்கியை நேர் மேலே தூக்குங்கள். குழல் வாய் உறையைத் தாண்டியதும் விலாப் பக்கத்திலேயே இலக்கை நோக்கித் திருப்புங்கள். நெஞ்சுக்கு முன் இரு கைகளும் சேர, அங்கிருந்து நேர்கோட்டில் முன்னே நீட்டுங்கள். பந்து உருட்டுவதுபோல் கீழிருந்து வளைத்தாலும், தூண்டில் வீசுவதுபோல் மேலிருந்து இறக்கினாலும் முன்குறி (குழல் நுனியில் குறிபார்க்க உதவும் சிறு முனை) கடைசியில்தான் கண்ணுக்குக் கிடைக்கும். நேராக நீட்டினால் பாதி வழியிலேயே தெரியும். அது இலக்கில் தெரிந்த பிறகே விரல் டிரிகருக்கு. தலையைக் குனியாதீர்கள், துப்பாக்கிதான் கண்ணிடம் வர வேண்டும்.

இடுப்புவாரையும் சோதியுங்கள். அது தொளதொளவென்றிருந்தால் துப்பாக்கியோடு உறையும் கூடவே எழும்பும்.

வீட்டில் குண்டில்லாமல் பழகலாமா?
– வாசகர், மெல்போர்ன்

பழகியே ஆக வேண்டும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, துப்பாக்கிக்குள் குண்டு நிற்கும் அறையையும், குண்டுகளை அடுக்கும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் இருமுறை சோதியுங்கள். முதல் வாரம் கடிகாரமே வேண்டாம். பிடியை மட்டும் 20 முறை, மெதுவாக. தவறான பிடியில் கை நின்றால் உருவாமல் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

திரும்ப உறையில் வைப்பதற்கு எந்தப் போட்டியிலும் புள்ளி கிடையாது. ஆனால் விபத்து அங்கேயும் நடக்கும். சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ உள்ளே சிக்கி டிரிகரை அழுத்திவிடும். நைந்த தோல் உறையின் வாய் மடிந்தாலும் அதே கதி. சட்டையை விலக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, நிதானமாக வையுங்கள்.